ஆமென் சொன்ன வாய்

"எங்கம்மா சத்தமாச் சொல்லலையா, பெரியம்மா?"

இதைக் கேட்டபோது கெஸியாவுக்கு ஐந்து வயது. அவள் தாய் லவீனாவையும், பிறந்து மூச்சுவிடாத தம்பியையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்புகிற வழி. புதுச் சப்பாத்து காலைக் கடிக்கிறது என்று கழற்றிக் கையில் பிடித்தபடி, காரின் பின்சீட்டிலிருந்து கேட்டாள். பெரியவர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. தலை வெடிக்கிறது, கண் இருட்டுகிறது என்று லவீனா ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்கவில்லை என்றால் அம்மா மெதுவாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையின் கணக்கு அவ்வளவுதான்.

பெரியம்மா வஸ்தி பக்கத்தில் இருந்தாள். தங்கை மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்து, சிவந்திருந்த குதிகாலைத் தடவிக்கொண்டே வந்தாள். பிள்ளையின் தகப்பன் ஆறு தூர்வாரும் கப்பலில் வேலை பார்க்கிறவன்; கரைக்கு வரும்போது வந்து பார்த்துவிட்டுப் போவான். வளர்த்ததெல்லாம் வஸ்திதான். கெஸியா இப்போது தலையைத் தானே பின்னிக்கொள்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கொடுத்தபாடில்லை.

ஆற்றோரச் சதுப்பில் கறுப்பு ஜனங்கள் வாழும் ஊரான டாபி முனையில் பெண்கள் பெரும்பாலும் நண்டுச்சாலையில்தான் வேலை பார்த்தார்கள். ஆவியில் வெந்த நண்டுகளை மண்வெட்டியால் அள்ளித் தகர மேசையில் கொட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து, குட்டைக் கத்தியால் ஓட்டைப் பெயர்த்து, சதை உடையாமல் எடுக்க வேண்டும். வஸ்தியின் விரல் நுனிகளில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கைகளில் வெள்ளைக் கையுறை ஏறும். சபையில் பரிசுத்த ஆவி நிறைந்து தள்ளாடுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க, வெள்ளை உடுப்பு உடுத்திய பெண்கள் குழு ஒன்று உண்டு. அதற்கு அவள் தலைவி. அவள் இருக்கும் வரிசையில் யாரும் தரையில் விழுந்ததில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக மருத்துவக் கல்லூரி வரப்போகிறது என்பதைப் போதகர் மோஸ்லி ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தார்.

"கல்லூரிக்காரங்க வர்ற புதன்கிழமை சாயங்காலம் நம்ம சபைக்கு வாராங்க. கறுப்பு ஜனங்களோட கருத்தையும் கேட்டுத்தான் எல்லாம் பண்ணப் போறாங்களாம். கேட்டோம்னு காட்டுனாத்தான் மேலிடத்துல அனுமதி கெடைக்குமாம். சகோதரிங்க கொஞ்சம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிருங்க."

"கருத்துக் கேக்க வர்றவங்களுக்குச் சோறும் நாமதான் போடணுமா?" என்று எர்தலீன் வஸ்தியின் காதருகில் முணுமுணுத்தாள். நண்டு மேசையில் வஸ்திக்குப் பக்கத்து இடம் அவளுடையது. ஆனால் புதன்கிழமை மத்தியானமே சபைக் கூடத்தில் மாவு பிசைய முதல் ஆளாக வந்து நின்றவளும் அவள்தான். தக்காளியும் புகையிட்ட இறைச்சியும் போட்டுக் கிளறிய சிவப்புச் சோறு, மொறுமொறுவென்று வறுத்த மீன், இறாலும் வெண்டைக்காயும் கொதித்த குழம்பு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்புப் பணியாரம். கூடத்தின் ஜன்னல்கள் வழியே சதுப்புச் சேற்றின் வாடை வந்தது. சமையல் வாசனை அதை வெளியே தள்ளியது.

வஸ்தி ஒரு கேள்வியைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். ஓடு உடைக்கும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். 'கல்லூரியில் கை தூக்கி முடிவு எடுக்கிற இடத்தில் எங்கள் ஆள் யார்?'

வந்தவர்களுக்குத் தலைவர் டாக்டர் ஹாலோவே. நெட்டையான வெள்ளைக்காரர். கல்லூரிக்கு முதல்வராகப் போகிறவர். படம் காட்டக் கொண்டுவந்த கருவி ஆரம்பத்திலேயே மக்கர் பண்ணியது. படம் இல்லாமல் பேச்சு வரவில்லை. கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்தது. சொன்னதையே திரும்பச் சொன்னார். அப்புறம் நின்றே போனார்.

பேச எழுந்தவன் தனியாகத் தடுமாற இந்தச் சபை விடாது. பிரசங்கியாரின் நாக்கு தடுக்கினாலும், ஈஸ்டருக்கு வசனம் ஒப்பிக்கிற பிள்ளை பாதியில் மறந்தாலும், பெஞ்சுகளிலிருந்து குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அதில் எப்போதும் முதல் குரல் சபை ஊழியரான டீக்கன் சைலஸுடையது. நண்டு பிடிக்கிற கிழவர், பெண்டாட்டியை இழந்தவர், அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல்.

"சொல்லுங்க, ஐயா," என்றார் சைலஸ்.

"நிதானமாச் சொல்லுங்க!" என்றது இன்னொரு பெஞ்சு.

"ஆண்டவரே, அவருக்கு ஒத்தாசை பண்ணும்!"

"ஆமென்!"

ஹாலோவேயின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் ஒரு வாக்கியம் சொல்ல, கூடம் ஒரு ஆமென் போட, கரை வந்து சேர்ந்துவிட்டார். கண் கலங்கி உட்கார்ந்தார். வஸ்தி கையைத் தூக்கினாள்.

"விருந்தாளிங்க மொதல்ல சாப்பிடட்டும், சிஸ்டர் வஸ்தி," என்றார் போதகர். சாப்பிடுகிறவனிடம் வழக்குப் பேசுவது இங்கே பழக்கமில்லை. தட்டுகள் வந்தன. ஹாலோவே இரண்டாம் முறையும் குழம்பு வாங்கினார். எல்லாருக்கும் கை கொடுத்து, இனிப்பில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் எர்தலீன் செய்தித்தாளை நண்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"கேளுங்கடி. 'டாபி முனை ஒரே குரலில் ஆமென்.' கொட்டை எழுத்துல போட்டுருக்கான்."

"எதுக்கு ஆமென்?" என்றாள் வஸ்தி. கத்தி நிற்கவில்லை.

"எல்லாத்துக்கும். 'கறுப்பின மக்கள் எங்கள் திட்டத்தை உற்சாகத்துடன் வரவேற்றனர். அவர்கள் குரலைச் சேர்த்துக்கொண்டே கல்லூரி எழும்புகிறது,' அப்படிங்காரு அந்த ஆளு. நமக்குன்னு ஆலோசனைக் குழு ஒண்ணு வைப்பாங்களாம். நாம ஆலோசனை சொல்லலாம். நிர்வாகக் குழுதான் முடிவெடுக்கும். அதுல நம்மாளு ஒருத்தரும் கெடையாது."

"இன்னும் என்ன?"

"நம்ம தெருவுல எலவச வைத்தியசாலை. படிக்கிற பிள்ளைங்க வந்து பழகிக்கிறதுக்கு. அப்புறம், நோயாளி மாதிரி நடிக்கிறதுக்கு நம்மள்ல ஆளு எடுப்பாங்களாம். கூலி உண்டு."

மேசையில் ஒருத்தி சிரித்தாள். "எனக்கு மூட்டுவலி நடிக்கவே வேணாம். நேராப் போயி உக்காந்துருவேன்."

வஸ்தி சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த நண்டு சதையும் ஓடுமாக நொறுங்கிப் போயிருந்தது. அவள் அப்படி உடைத்து அந்த மேசையில் யாரும் பார்த்ததில்லை.

"நம்ம ஒடம்பு மேல கத்துக்குவாங்க," என்றாள். "ஊசி நம்ம கையில குத்திப் பழகுவாங்க. பிரசவம் நம்ம புள்ளைங்களுக்குப் பாத்துப் பழகுவாங்க. ஆனா யாரு டாக்டராகணும், என்னத்தப் படிக்கணும்னு முடிவு பண்ற எடத்துல நமக்குக் கை கெடையாது. லவீனாவுக்கு நடந்துதே, அதே நடக்கும். இனிமே நம்ம சம்மதத்தோட நடக்கும்."

"நாம எங்கடி சம்மதிச்சோம்?"

"ஆமென் சொன்னோம்ல?"

"அது அந்த மனுஷன் விழுந்துறக் கூடாதேன்னு சொன்னது!"

"அது நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

வேலை முடிந்ததும் வஸ்தி கைகூடக் கழுவாமல் படகுத்துறைக்குப் போனாள். சைலஸ் நண்டுக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். வாதம் கண்ட விரல்கள் கூடையின் கைப்பிடியைச் சரியாக வளைத்துப் பிடிக்கவில்லை.

"டீக்கன், உங்க வாயி ஒரு நாளாச்சும் சும்மா இருக்காதா?"

"வாம்மா வஸ்தி. பேப்பர நானும் பாத்தேன்."

"பாத்தீங்கள்ல? மொத ஆமென் உங்களோடது. நீங்க தொடங்குனீங்க, மத்த ஆடெல்லாம் பின்னாலயே கத்துச்சு."

"அந்த மனுஷன் மூச்சு முட்டி நின்னாரு. பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா?" வஸ்தியின் குரல் துறை முழுக்கக் கேட்டது. மற்ற படகுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் தங்கச்சிக்கு மூச்சு முட்டுச்சே, அப்ப அங்க எவன் ஆமென் சொன்னான்? எவன் நிதானமாச் சொல்லும்மான்னு கேட்டான்? அவங்களுக்கு ஒண்ணுன்னா உருகுறீங்க. உங்க எரக்கத்த எடுத்து நம்ம கழுத்துலயே சுருக்குப் போட்டுட்டான் பாத்தீங்களா!"

சைலஸ் கூடையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா," என்றார்.

அவர் திருப்பிச் சண்டை போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் குரலை ஏற்றி இறக்கி, ஒரு இடத்தில் நிறுத்தி, பெஞ்சுகளின் பதில்குரலுக்காகக் காத்தார். சைலஸ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தொடங்காததால் யாரும் தொடங்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. பிரசங்கம் ஒற்றைக் காலில் நடப்பதுபோல் நடந்தது. வஸ்தி வெள்ளைக் கையுறையோடு சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் மெய்யை எவ்வளவு ஓங்கி அடிக்கலாம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைக் கோபத்தில் இருக்கிறவருக்குக் கர்த்தர்தான் காட்ட வேண்டும்.

போதகர் மோஸ்லி நல்ல மனிதர். விருந்தாளிக்குத் தட்டு நீட்டச் சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கும் உறுத்தியது. கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார், நேரில் போனார், திரும்பத் திரும்பப் போனார். கடைசியில், மேலிடத்துக்காரர்கள் முடிவு சொல்வதற்கு முன்னால் இன்னொரு கூட்டம் என்று ஒத்துக்கொண்டார்கள். அனுமதி கொடுக்கிற மேலிடத்துக்காரர்கள் சிலரும் வந்து பின்வரிசையில் உட்காருவார்களாம்.

"இந்தத் தடவ என்ன சமைக்கணும்?" என்று எர்தலீன் கேட்டாள்.

"சோறும் கெடையாது, சத்தமும் கெடையாது," என்றாள் வஸ்தி. "நம்ம வாயிலருந்து எது வந்தாலும் அவங்க சம்மதம்னு எழுதிக்கிறாங்க. அதனால ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆமென் கெடையாது, ம்ம் கெடையாது, தொண்டையச் செருமக்கூடக் கூடாது. அவரு பேசி முடிக்கட்டும். அப்புறம் நான் பேசுறேன்."

"லவீனாவப் பத்தியா?"

வஸ்தி தலையாட்டினாள். தங்கையின் சாவை அவள் சபைக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதுவும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று பயம்.

கூட்டத்தன்று புழுக்கம் தாங்கவில்லை. மழை வானத்தில் கட்டிக்கொண்டு நின்றதே தவிர இறங்கவில்லை. கூடத்தில் வேண்டாம், சபைக்குள்ளேயே வைப்போம் என்று வஸ்தி சொல்லியிருந்தாள். பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. அட்டை விசிறிகள் ஆடின. வஸ்தி வெள்ளை உடுப்பில் முன்வரிசையில், கெஸியா பக்கத்தில். சைலஸ் தன் வழக்கமான மூலையில்.

ஹாலோவே சிரித்த முகத்தோடு ஏறினார். போன முறை இங்கே கிடைத்த அன்பை மறக்க மாட்டேன் என்றார். நிறுத்தினார். விசிறிகள் ஆடின. உங்கள் குரலே எங்கள் அஸ்திவாரம் என்றார். நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. அவர் கண் பெஞ்சு பெஞ்சாகத் தேடியது. போன முறை தூக்கிவிட்ட முகங்கள்தான் எல்லாம், கல்லாக இருந்தன. கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுத் தளர்த்தினார். ஆலோசனைக் குழு என்று தொடங்கி, அந்த வார்த்தையையே மூன்று முறை சொன்னார்.

எர்தலீனின் உதடு துடித்தது. பழக்கம் அப்படி. வஸ்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கே அந்த மனிதரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஹாலோவே பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

வஸ்தி எழுந்தாள்.

"டாக்டர், போன தடவ நாங்க கேள்வியே கேக்கலை. நீங்க சாப்பிட்டுட்டுப் போயி நாங்க சரின்னு சொன்னதாச் சொல்லிட்டீங்க. நாங்க சரின்னு சொல்லலை. இப்பக் கேக்கறேன். நிர்வாகக் குழுவுல எங்களுக்குக் கை வேணும். மூணு பேரு. ஆலோசனை சொல்ல இல்ல, கை தூக்க. எந்தப் பிள்ளைக்கு எடம் குடுக்கறது, என்ன சொல்லிக் குடுக்கறது, எவன் வாத்தியாரு, எல்லாத்துக்கும்."

ஹாலோவே வாயைத் திறந்தார்.

"இருங்க. ஏன்னும் சொல்லிடறேன். என் தங்கச்சி லவீனா. ரெண்டாவது பிரசவம். அக்கரை ஆஸ்பத்திரி. தல வெடிக்குதுன்னா. கண்ணு தெரியலைன்னா. முகமெல்லாம் வீங்கிப் போச்சு. நான் போயிச் சொன்னேன். போயி உக்காருங்க, வந்து பாக்கறோம்னாங்க. மறுபடியும் போனேன். ஒரு நர்சம்மா, நல்ல விதமாத்தான், சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, உங்க ஆளுங்க தெம்பானவங்க, இதெல்லாம் தாங்குவீங்கன்னு. அந்தம்மாவுக்கு அத யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கள்ல? ஒரு பள்ளிக்கூடத்துலதான சொல்லிக் குடுத்திருப்பாங்க? அப்புறம் வந்தாங்க. வந்தப்ப அவ..."

அங்கே நின்றுவிட்டது. கையை முன்னால் நீட்டினாள். எத்தனையோ பேரைத் தாங்கிப் பிடித்தவளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. முன்வரிசை என்பதால் முன்னால் ஒரு பெஞ்சுகூட இல்லை. சபை முழுக்க நிசப்தம். சத்தம் போடாதே என்று சொன்னது அவள்தான். அவள் வார்த்தையை மீற யாருக்கும் தைரியம் வரவில்லை. பின்வரிசையில் மேலிடத்துக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

மூலையிலிருந்து வந்தது. அடித்தொண்டைக் குரல். பல வாரங்களாகப் பூட்டிக் கிடந்ததால் கரகரத்திருந்தது.

"நிதானமாச் சொல்லு, தாயி. நாங்க இருக்கோம்."

"இருக்கோம்!" என்றது எர்தலீனின் குரல், அழுகையோடு.

"சொல்லு, வஸ்தி!"

"ஆண்டவரே, அவ கூட நில்லும்!"

பெஞ்சு பெஞ்சாக அது ஏறி வந்தது. வஸ்தியின் முதுகு நிமிர்ந்தது. அவள் டாக்டரைப் பார்க்காமல் கெஸியாவைப் பார்த்தாள்.

"அவ சத்தமாத்தான் சொன்னா," என்றாள். "நாலு அறைக்குக் கேட்டுச்சு. அவ கத்தினா. கேக்கறவங்க கேக்கலை. அதுல உங்கம்மா தப்பு ஒண்ணும் இல்ல."

சிறுமி விசிறியை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

வஸ்தி மேடைப் பக்கம் திரும்பினாள். "வந்தப்ப அவளும் இல்ல, புள்ளையும் இல்ல. கை குடுங்க, இல்லன்னா டாபி முனை வேணாம்னு சொல்லிச்சுன்னு எழுதிக்கங்க. ஒரே குரல்ல."

"ஆமென்!" என்று சபை இடியாக முழங்கியது.

ஹாலோவே எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை. தனக்குப் பிடித்த மாதிரியே எதையும் கேட்டுப் பழகியவர். "எனக்குப் புரியல," என்றார் உண்மையாகவே. "அன்னைக்கு எனக்கும் இதேதானே சொன்னீங்க? சொல்லுங்க, நிதானமா, ஆமென்... அது சம்மதம் இல்லன்னா, என்ன?"

சைலஸ் எழுந்து தொப்பியை மார்போடு பிடித்தார்.

"அது உங்களப் பாவம் பாத்துச் சொன்னது, ஐயா."

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிக் கூரையைத் தொட்டது. பின்வரிசை மேலிடத்துக்காரர்களில் ஒரு வயதான பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஹாலோவே சிரிக்கவில்லை. வெகுநேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் இந்த முறை பசியோடுதான் திரும்பிப் போனார்கள்.

முடிவு வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. மூன்று கேட்டதற்கு இரண்டு கிடைத்தது. ஆலோசனை இல்லை, ஓட்டு. ஒன்று போதகருக்கு, ஒன்று வஸ்திக்கு. அந்தச் சபைக்கூட்டத்தைக் கண்ணால் பார்த்த மேலிடத்துக்காரர்கள் இது இல்லாமல் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஹாலோவே எதிர்க்கவில்லை என்றும் போதகர் சொன்னார்.

"சந்தோஷமாடி?" என்றாள் எர்தலீன் மேசையில்.

"நம்ம உயிருக்கு நாமளே காவல் நிக்கறதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டணுமா? அதுலயும் ஒண்ணக் கொறச்சுத்தான் குடுப்பானாம்," என்றாள் வஸ்தி. "கோவம் போகல. போகவும் வேணாம். மொதக் கூட்டத்துலயே அந்த மூணாவது எடத்தக் கேப்பேன்."

சைலஸ் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தார். வஸ்தி அவரிடம் துறையில் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அன்று அவளைத் தாங்கியதைப் பற்றியும் பேசவில்லை. எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஒரு தடவை மன்னிப்பு அவள் வாய் வரை வந்தது. அவர் உடனே மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அது அவர் குணம்.

குளிர் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, கிழக்கு வெளுக்கிற நேரம், வஸ்தி படகுத்துறைக்கு இறங்கிப் போனாள். தண்ணீர் வற்றிச் சேறு மின்னியது. சைலஸின் படகுக்குப் பக்கத்தில் அவர் நண்டு பிடிக்க ஆற்றில் இறக்கும் கம்பிக்கூடுகள் கரையேற்றி அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் வலை கிழிந்தவை. கம்பியை முறுக்கி முடிச்சுப் போட இனி அவர் விரல்களால் ஆகாது. அதனால்தான் இந்தப் பருவத்தில் அவர் குறைவாகவே கூடு இறக்கினார். கேட்டால் நண்டு வரத்துக் குறைவு என்பார்.

அவள் கோட்டுப் பையிலிருந்து கம்பிச் சுருளையும் குறட்டையும் எடுத்தாள். தகப்பனோடு படகில் போன வயதில் கற்றுக்கொண்ட வேலை. ஒவ்வொரு கூட்டையும் மடியில் சாய்த்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, கிழிசலின் ஓரத்தை நேராக வெட்டி, கண்ணுக்குக் கண் பின்னி முறுக்கினாள். கம்பி நுனி உள்ளங்கையைக் கீறியது. இரை வைக்கிற பெட்டியின் கதவுகள் தொங்கிப்போயிருந்தன. அவற்றையும் அவர் விரலுக்கு எளிதாகத் திறக்கும்படி பெரிய கொக்கி வைத்து மாட்டினாள். நாரைகள் சேற்றில் நடந்தன. அவள் உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா, பாட்டா என்று அவளுக்கே தெரியாது.

முடித்ததும் கூடுகளை முன்பு இருந்தது போலவே, சாய்ந்தது சாய்ந்தபடியே அடுக்கினாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் வீட்டு விளக்கு எரிவதற்கு முன்னால் மேட்டுப் பாதையில் ஏறி நண்டுச்சாலைப் பக்கம் நடந்தாள்.